மண்ணுக்குள் போன மாளிகை: ரோமானிய வில்லாவை எப்படிக் கண்டுபிடித்துத் தோண்டுகிறார்கள்?

1960ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம், சிச்செஸ்டர் நகரை ஒட்டிய ஃபிஷ்போர்ன் என்ற ஊரில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டும் இயந்திரம் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தை அறுத்துக்கொண்டு போனது. வெளியே வந்த கற்களையும் ஓட்டுச் சில்லுகளையும் பார்த்தவர்களுக்கு அது ரோமானியர் காலத்துக் கட்டடம் என்று புரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பேரி கன்லிஃப் என்ற 21 வயது இளைஞர் அங்கே சோதனைக் குழி போட்டார். சில வாரங்களில் முடிந்துவிடக்கூடிய வேலை போலத்தான் தெரிந்தது. ஆனால் 1969 வரை அகழாய்வு நீண்டது. கிடைத்தது சாதாரண வீடு இல்லை, நான்கு பக்கமும் கட்டடங்களும் நடுவில் தோட்டமுமாக விரிந்த, சுமார் நூறு அறைகள் கொண்ட அரண்மனை.

'மண்ணுக்கு அடியில் மாளிகை கிடைத்தது' என்று செய்தியில் படிக்கும்போது, சுவர்களும் தூண்களுமாக ஒரு முழு வீடு மேலே மண் மூடிக் காத்திருந்தது போல ஒரு படம் நம் மனதில் வந்துவிடுகிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயியைப் பார்த்துப் பழகியதால் வரும் கோளாறு இது. பெரும்பாலான ரோமானிய வில்லாக்கள் அப்படிக் கிடைப்பதில்லை. சுவரில் கால்வாசி கூட மிஞ்சியிருக்காது. கிடைப்பதெல்லாம் வீடு இருந்ததற்கான தடம்தான். அந்தத் தடத்தைப் படிக்கும் வேலைக்குப் பெயர்தான் அகழாய்வு.

முதலில், வில்லா என்றால் என்ன?

ரோமானியப் பேரரசில் நகரத்துக்கு வெளியே, நிலபுலன்களோடு சேர்ந்து இருந்த பெரிய வீடுதான் வில்லா. இன்றைக்குக் கடற்கரை விடுதிகளுக்கு வைக்கும் பெயரை வைத்து யோசிக்க வேண்டாம். நம் ஊர்ப் பண்ணை வீடு இதற்கு இன்னும் நெருக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா, ஒரு வில்லாவை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறார்: உரிமையாளர் குடும்பம் வசிக்கும் பகுதி, வேலையாட்களும் கால்நடைகளும் இருக்கும் பகுதி, விளைச்சலைப் பதப்படுத்திச் சேமிக்கும் பகுதி. படங்களில் நாம் பார்க்கும் வண்ணத் தரைகள் முதல் பகுதிக்கு மட்டும் சொந்தம்.

பிரிட்டன் கி.பி. 43இல் ரோமானியப் படையெடுப்புக்கு உள்ளாகி, ஏறத்தாழ 410 வரை பேரரசின் ஒரு மாகாணமாக இருந்தது. அங்கே வில்லா கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளூர்ப் பெருநிலக்காரர்களே ரோமானிய வாழ்க்கை முறையை எடுத்துக்கொண்டு இப்படி வீடு கட்டினார்கள். பெரிய, ஆடம்பரமான வில்லாக்கள் அங்கே பெருகியது கடைசிக் கட்டத்தில், நான்காம் நூற்றாண்டில்.

ஒரு வில்லாவை அடையாளம் காட்டும் விஷயங்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, மொசைக் தரை. கல்லையும் ஓட்டையும் சிறு சிறு கட்டங்களாக உடைத்து, சுண்ணாம்புச் சாந்தின் மேல் பதித்துச் செய்யும் தரை ஓவியம். இரண்டாவது, ஹைப்போகாஸ்ட் எனப்படும் தரைச்சூட்டு அமைப்பு. குட்டையான செங்கல் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் தரையைப் போடுவார்கள். வெளியே ஒரு அடுப்பில் விறகு எரியும். சூடான காற்றும் புகையும் தரைக்கு அடியில் பரவி, சுவருக்குள் பதித்த பொந்து ஓடுகள் வழியாக மேலேறி வெளியே போகும். பிரிட்டனின் குளிருக்கு இது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! விறகு சுமந்து அந்த அடுப்பைக் கவனித்தவர்களுக்குத்தான் சுகம் இல்லை.

வீடு எப்படி மறைகிறது?

இது தெரிந்தால்தான் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் புரியும். ஆட்கள் போன பிறகு முதலில் கூரை விழும். மரச்சட்டங்கள் மக்கிப்போகும். வெட்டி அடுக்கிய நல்ல கல் கண்ணெதிரே கிடந்தால் அக்கம்பக்கத்து மக்கள் சும்மா விடுவார்களா? வீடு கட்டவும், தேவாலயம் கட்டவும், சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கவும் எடுத்துப் போனார்கள். அடித்தளக் கல்லைக்கூடப் பள்ளம் வெட்டிப் பிடுங்கினார்கள். மிஞ்சியதன் மேல் ஏர் ஓடியது.

சரி, தரை எப்படி மண்ணுக்குள் போனது? சரிவான நிலத்தில் மழை மண்ணைக் கொண்டுவந்து மூடும். சமநிலத்தில் பெரும்பங்கு மண்புழுக்களுடையது. இதைக் கவனித்துச் சொன்னவர் சார்லஸ் டார்வின். சர்ரே மாவட்டத்தின் அபிங்கரில் 1877இல் ஒரு ரோமானிய வில்லாவைத் தோண்டியபோது, அவர் அங்கே போய்ப் புழுக்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார். புழு அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கழிவாகத் தள்ளுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்தால் மேலே கிடந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். 1881இல் வெளிவந்த தன் மண்புழு நூலில் அவர் அபிங்கர், செட்வொர்த் போன்ற ரோமானிய இடங்களையெல்லாம் சான்றாகக் காட்டுகிறார். பரிணாமம் பேசியவர் கடைசிக் காலத்தில் புழுவையும் ரோமானியத் தரையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கண்டுபிடிப்பது

பழைய கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் தற்செயல். 1811இல் சசெக்ஸின் பிக்னர் என்ற ஊரில் ஒரு விவசாயியின் ஏர் பெரிய கல்லில் மோதியது; அடியில் மொசைக் தரைகள். 1864இல் செட்வொர்த் காட்டுக்குள் மொசைக் கட்டங்கள் கிடைத்தன. முயல் வேட்டைக்குப் போன இடத்தில், வளைக்குள் மாட்டிக்கொண்ட ஃபெரெட் என்ற வேட்டைப் பிராணியைத் தேடித் தோண்டியபோது கிடைத்தது என்று ஒரு கதை உண்டு. கென்ட்டின் லல்லிங்ஸ்டனில் 1939இல் காற்றில் ஒரு மரம் சாய, வேரோடு மொசைக் துண்டுகள் மேலே வந்தன. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மான் பூங்காவுக்கு வேலி போட்டவர்கள் மொசைக்கைத் துளைத்துக் கம்பம் நட்டிருக்கிறார்கள்!

இன்று தற்செயலோடு வேறு வழிகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் அழகானது பயிர்த்தடம். வயலுக்கு அடியில் கல் சுவர் இருந்தால் அந்த இடத்தில் மண் ஆழம் குறைவு, ஈரமும் குறைவு. கோடையில் அந்தக் கோட்டில் நிற்கும் பயிர் மட்டும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். பழைய அகழியோ குழியோ இருந்தால் நேர்மாறு: மண் ஆழம் அதிகம், பயிர் பச்சையாக ஓங்கி நிற்கும். வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வானத்திலிருந்து பார்த்தால் அறை அறையாக வீட்டின் வரைபடமே வயலில் விழுந்திருக்கும். அதனால்தான் 1976, 2018 போன்ற கடும் வறட்சி ஆண்டுகள் விவசாயிக்கு வேதனை, வானிலிருந்து படம் எடுக்கும் தொல்லியலாளருக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது, தோண்டாமலே மண்ணுக்குள் பார்ப்பது. இரண்டு கம்பிகளை மண்ணில் ஊன்றி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால், ஈரமான அகழி மண் வழியாக அது எளிதாகப் போகும். கல் சுவர் தடுக்கும். அந்தத் தடையை அடிக்கு அடி அளந்து குறித்தால் சுவர்க் கோடுகள் படமாக வரும். நெருப்புப் பட்ட மண்ணின் காந்தத்தன்மை மாறிவிடும் என்பதால் அடுப்பு, சூளை போன்றவற்றைக் காந்தமானி காட்டிக்கொடுக்கும். தரை ஊடுருவும் ரேடார் ஆழத்தையும் சொல்லும். இவ்வளவு இருந்தாலும், உழுத வயலில் குனிந்து நடந்து ஓட்டுச் சில்லு, மொசைக் கட்டம், சிப்பி ஓடு பொறுக்கும் பழைய முறையை யாரும் கைவிடவில்லை. சிப்பியா என்று கேட்கலாம். ரோமானிய பிரிட்டனில் சிப்பி இறைச்சியை அப்படிச் சாப்பிட்டிருக்கிறார்கள்; கடலுக்குத் தள்ளியிருக்கும் இடங்களில்கூட அதன் ஓடுகள் கிடைக்கின்றன.

தோண்டும்போது உண்மையில் நடப்பது

மேல்மண்ணை மட்டும் இயந்திரம் வழிக்கும். அதுவும் பல் இல்லாத வாளியோடு, பக்கத்தில் ஒருவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க. அப்புறம் எல்லாம் கைவேலைதான். கொத்தனார் கரண்டியை ஒத்த சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, நிறம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பார்கள். அடிப்படை விதி ஒன்றே ஒன்று: இடத்தை யாரும் கலைக்காமல் இருந்தால், அடியில் இருக்கும் மண்ணடுக்கு முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. பின்னால் வந்த யாராவது குழி வெட்டியிருந்தால் அந்தக் குழி எந்த அடுக்குகளை அறுத்திருக்கிறதோ, அவற்றுக்குப் பிந்தியது. எது கடைசியாக வந்ததோ அதை முதலில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண், வரைபடம், புகைப்படம். எடுத்த மண் சல்லடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போகும்; கருகிய தானியம் மிதந்து வரும்.

கீழடி அகழாய்வுப் படங்களில் சதுரச் சதுரமாகக் குழிகளும், நடுவில் தோண்டாமல் விட்ட மண் சுவர்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மண் சுவரின் பக்கவாட்டில்தான் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். இந்தக் கட்ட முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மார்ட்டிமர் வீலர். 1930களில் இங்கிலாந்தின் வெருலாமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டிய அதே ஆள்தான், 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த இத்தாலியப் பானை ஓடுகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை வைத்து, அவற்றோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அவரால் காலம் சொல்ல முடிந்தது. வில்லாக்களிலும் காலக் கணக்கு இப்படித்தான் நடக்கிறது: பானை ஓடும் நாணயமும்.

நாணயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடுவது. ஒரு தரைக்கு அடியில் கி.பி. 270இல் அச்சான நாணயம் கிடைத்தால், தரை 270இல் போடப்பட்டது என்று அர்த்தமில்லை. 270க்கு முன் போடப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். நாணயம் ஐம்பது வருடம் கைமாறிவிட்டுக்கூட அங்கே விழுந்திருக்கலாம்.

ஃபிஷ்போர்ன் சொல்லும் கதை

மறுபடி ஃபிஷ்போர்னுக்கு வருவோம். தடத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே மிகப் பழைய ரோமானியக் கட்டடங்கள் கல்லால் ஆனவை அல்ல, மரத்தால் ஆனவை. மரம் எப்போதோ மக்கிவிட்டது. ஆனால் கம்பம் நட்ட குழியில் பிறகு சேர்ந்த மண் சுற்றியிருக்கும் மண்ணைவிட வேறு நிறம். அந்தக் கறைகளை வரிசையாகக் குறித்தபோது, கி.பி. 43 படையெடுப்பை ஒட்டிய காலத்துச் சேமிப்புக் கிடங்குகளின் அமைப்பு வெளிவந்தது. கடல் கழி அருகில் இருப்பதால் கப்பலில் வந்த தானியத்தை இறக்கி வைக்க ஏற்ற இடம்தான். அதற்குப் பிந்தியது ஒரு கல் வீடு. அதையும் உள்ளடக்கிக்கொண்டு, ஏறத்தாழ கி.பி. 75-80 காலத்தில் எழுந்தது பேரரண்மனை.

அரண்மனையின் சுவர்களில் பல, அடித்தளம் வரை காணாமல் போயிருந்தன. பிற்காலத்தில் கல் எடுக்க வந்தவர்கள் சுவர் போன வழியே பள்ளம் வெட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, உடைசலைத் திரும்பத் தள்ளி மூடியிருந்தார்கள். தொல்லியலாளர் இந்தப் பள்ளத்தை அப்படியே பின்தொடர்ந்தால் போதும், களவு போன சுவர் எங்கே நின்றது, எவ்வளவு அகலம், எங்கே திரும்பியது எல்லாம் தெரிந்துவிடும். கல் திருடியவர்களே வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

இதைவிட ஆச்சரியம் தோட்டம். ரோமானியத் தோட்டக்காரர்களுக்கு அங்கிருந்த சரளையும் களிமண்ணும் கலந்த நிலம் சரிப்படவில்லை. எனவே வேலிச்செடி நடும் இடத்தில் மட்டும் நீளமாக வாய்க்கால் வெட்டி, நல்ல மண் கொட்டி நட்டார்கள். செடி அழிந்தது, கொட்டிய மண் மட்டும் அங்கேயே தங்கியது. அகழாய்வில் வெளிறிய நிலத்தில் கரும்பட்டைகளாக அது தெரிந்தது. பாதையின் இருபுறமும் நேர்கோடு, இடையிடையே சிலையோ இருக்கையோ வைக்கத் தோதாக உள்வாங்கிய வளைவுகள். இப்போது அதே பட்டைகளின் மேல் பாக்ஸ் செடிகளை நட்டு, தோட்டத்தின் ஒரு பாதியை மீட்டிருக்கிறார்கள். எந்தத் தங்கப் புதையலையும்விட இந்தக் கரும்பட்டைகள்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

பார்க்க வருகிறவர்கள் தேடுவது என்னவோ வடக்குப் பகுதி மொசைக்குகளைத்தான். டால்பின் மேல் சவாரி செய்யும் மன்மதக் குட்டியின் மொசைக் அவற்றில் பேர்போனது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் ஓரக் கொடியில் ஒரு சின்னக் கறுப்புப் பறவை உட்கார்ந்திருக்கிறது. செய்த கைவினைஞரின் கையெழுத்தாக இருக்கலாம் என்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை, ஆனால் நம்ப ஆசையாக இருக்கிறது. சீரமைப்புக்காக அந்தத் தரையைப் பெயர்த்து எடுத்தபோது அடியில் இன்னொரு தரை இருந்தது: முந்தைய காலத்துக் கறுப்பு வெள்ளை மொசைக். வீட்டுக்காரர்களுக்குப் பழையது அலுத்துப் போய், மேலேயே புதியது போட்டிருக்கிறார்கள்.

முடிவு தீயில். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்குப் பகுதி எரிந்தது. உருகி வழிந்த ஈயமும், தரை மேல் சரிந்து விழுந்த கூரை ஓடுகளும், கருகிய தடங்களும் சான்று. ஒரு அறையில் ஹைப்போகாஸ்ட் பாதி கட்டிய நிலையில் நிற்கிறது. அதாவது வீட்டுக்காரர்கள் புதுப்பிக்கும் வேலையில் இருந்தபோது நெருப்பு வந்திருக்கிறது. விபத்தா, கடற்கொள்ளையரா என்று சாம்பல் சொல்லாது. யாரும் திரும்பக் கட்டவில்லை. இடிபாட்டுக்குள் பிணம் புதைத்தார்கள், அப்புறம் கல் எடுத்தார்கள், அப்புறம் உழுதார்கள். மொசைக்குகளின் மேல் கொழுமுனை கீறிய கோடுகளை இன்றும் பார்க்கலாம்.

யாருடைய அரண்மனை? ரோமுக்கு நட்பாக இருந்த டோகிடுப்னுஸ் என்ற உள்ளூர் மன்னருடையது என்பது பரவலாகச் சொல்லப்படும் பதில். சிச்செஸ்டரில் 1723இல் கிடைத்த கல்வெட்டு அவர் பெயரைச் சொல்கிறது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸும், தம் காலத்துக்குச் சற்று முன்வரை விசுவாசமாக இருந்த மன்னர் என்று அவரைக் குறிப்பிடுகிறார். காலமும் இடமும் பொருந்துகின்றன. ஆனால் அரண்மனைக்குள் அவர் பெயர் பொறித்த ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. வேறு பெயர்களை முன்வைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அருங்காட்சியகப் பலகையில் 'இருக்கலாம்' என்று வந்தால் அதை வேகமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விழுந்த சுவரும் பேசும்

லல்லிங்ஸ்டனில் 1949இல் முறையான அகழாய்வு தொடங்கியது. அங்கே ஆழமான ஒரு நிலவறை முழுக்க வண்ணம் பூசிய சுண்ணாம்புப் பூச்சுத் துண்டுகள் கொட்டிக் கிடந்தன. மேலே இருந்த அறை தீயில் எரிந்து, சுவர்ப்பூச்சோடு நிலவறைக்குள் விழுந்திருந்தது. ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பல ஆண்டு உட்கார்ந்து பொருத்தினார்கள். கைகளை விரித்துப் பிரார்த்திக்கும் மனிதர்களும், கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கை-ரோ சின்னமும் தெரிந்தன. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வீட்டில் கிறிஸ்தவ வழிபாட்டு அறை இருந்திருக்கிறது. கீழே நிலவறைச் சுவரிலோ நீர்த் தேவதைகளின் பழைய ஓவியம். ஒரே வீட்டில் மாடியில் புதுச் சாமி, கீழே பழைய சாமி. அந்தச் சுவரோவியம் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோண்டாமல் விட்டது

அகழாய்வைப் பற்றி ஒரு சங்கடமான உண்மை: ஓர் அடுக்கைத் தோண்டி எடுத்துவிட்டால் அது முடிந்தது. திரும்ப வைக்க முடியாது. எனவே எதை விட்டுவைக்கிறோம் என்பதும் பெரிய முடிவுதான்.

1864இல் செட்வொர்த்தைத் தோண்டியவர்கள் மொசைக் தெரியும்வரை அள்ளி எறிந்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. நல்லவேளையாகச் சில சுவர்களின் அடித்தளப் பள்ளங்களை அவர்கள் தொடவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதில் ஒரு பள்ளத்திலிருந்து கரித்துண்டும் எலும்பும் எடுத்து, காலம் கணிக்கும் ரேடியோகார்பன் சோதனை செய்தார்கள். அந்தச் சுவர் கி.பி. 424க்குப் பிறகே கட்டப்பட்டது என்று முடிவு வந்தது. அறையின் மொசைக் அந்தச் சுவருக்கு ஏற்ப அமைந்திருப்பதால், அதுவும் 424க்குப் பிந்தியது. ரோம ஆட்சி போனதும் நகரங்களும் வில்லாக்களும் சட்டென்று படுத்துவிட்டன என்றுதான் அதுவரை நினைத்தார்கள். ஆட்சி போன பிறகும் ஒருவர் ஆள் வைத்து மொசைக் போட்டிருக்கிறார்! வேலையில் தரம் குறைவு, தப்புகளும் உண்டு என்பது உண்மைதான். 2020இல் இதை அறிவித்தார்கள். 1864இல் கூடுதல் ஆர்வத்தோடு அந்தப் பள்ளத்தையும் கிளறியிருந்தால் இந்த விஷயம் தெரியாமலே போயிருக்கும்.

அதே 2020இல், ஊரடங்கு சமயத்தில், ரட்லண்ட் மாவட்டத்தில் கெட்டன் அருகே ஒரு விவசாயியின் மகன் குடும்பத்தோடு வயலில் நடந்தபோது வித்தியாசமான ஓட்டுச் சில்லுகளைப் பார்த்தார். செயற்கைக்கோள் படத்தில் தேடினால் பயிர்த்தடம் தெளிவாக இருந்தது. தகவல் சொல்ல, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு வந்தது. 11 மீட்டர் நீளம், ஏறத்தாழ 7 மீட்டர் அகலத்தில் மொசைக். விருந்து அறையின் தரையாக இருக்கலாம். அதில் டிராய் போர்க் காட்சிகள்: கிரேக்க வீரன் அக்கிலஸும் டிராய் இளவரசன் ஹெக்டரும் மோதுவது, ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுப்பது, கடைசியில் அந்த உடலைத் தராசில் வைத்து, எடைக்கு எடை தங்கம் கொடுத்துத் தந்தை பிரியம் மீட்பது. துலாபாரம் தெரிந்த நமக்கு மூன்றாவது காட்சி உடனே புரியும். ஆனால் இந்தப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் இந்தத் தராசு இல்லை; பிரியம் வண்டியில் பொருள் கொண்டுவந்து கொடுக்கிறார். தராசுக் காட்சி, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின், இன்று கிடைக்காமல் போன ஒரு நாடகத்தில் இருந்ததாகப் பழைய உரைகாரர்கள் குறித்திருக்கிறார்கள். பிரிட்டனின் ஒரு மூலையில் பண்ணை வைத்திருந்தவருக்கு அந்தக் கதை வடிவம் தெரிந்திருக்கிறது, அல்லது அவர் கூப்பிட்ட மொசைக் கலைஞருக்காவது தெரிந்திருக்கிறது.

தரையில் நெருப்பு எரிந்த கறைகள் இருந்தன. பிற்காலத்தில் வேறு யாரோ அதே அறையை வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேலே இடிபாட்டுக்குள் மனித எலும்புகளும் கிடைத்தன. எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகு, மொசைக்கை மறுபடி மண் போட்டு மூடிவிட்டார்கள். இவ்வளவு அழகான தரையை மூடுவதா என்று கேட்டால், வெயிலும் பனியும் படாமல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு அதைக் காப்பாற்றியது அந்த மண்தான். சட்டப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறார்கள், எனவே யாரும் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. மேலே உழவும் முடியாது. 2022இல் மறுபடி வந்து குளியல் தொகுதி, பெரிய களஞ்சியம் என்று இன்னும் சில கட்டடங்களைத் திறந்து பார்த்தார்கள். அந்த வளாகத்தில் மின்தடை, காந்தமானிப் படங்களில் கோடுகளாக மட்டும் தெரியும் பகுதிகளும் இருக்கின்றன. அவற்றில் கரண்டி வைக்க இப்போதைக்கு யாருக்கும் அவசரம் இல்லை.